அரசமரத்து டப்பா

ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரை அரசமரத்தடியில் சாயங்கால வெயில் மஞ்சளாய்க் கிடக்கிறது. யாரோ ஒளித்துவைத்த டப்பாவைச் செல்போன் வரைபடம் பார்த்துத் தேடி வந்திருக்கும் நவநீதன், வேர்ப்பொந்தருகே நின்று, வராத அழைப்புக்கு "ஆமாங்க, சொல்லுங்க" என்று சத்தமாகப் பேசுகிறான். யார் கண்ணிலும் படாமல் எடுப்பதுதான் இந்தப் புதையல் தேடும் விளையாட்டின் மரியாதை. கொய்யா விற்கும் ஜோதியோ, காய்மேல் தண்ணீர் தெளித்தபடி அவனையே பார்க்கிறாள். அவன் குனிந்து செருப்பு வாரைக் கழற்றுகிறான், மாட்டுகிறான், மறுபடி கழற்றுகிறான். "போன வாரம் வந்தவரும் இதே செருப்பு வேலைதாங்க பார்த்தாரு" என்கிறாள் ஜோதி. அவன் காது சிவக்கிறது. அவள் கடைக்குடையைப் பிடுங்கி, அவன் பக்கம் சாய்த்து மறைக்கிறாள். "படித்துறையிலேருந்து ஆளுங்க ஏறி வர்றாங்க. சட்டுனு உள்ள இருக்கற சீட்டுல பேரெழுதிட்டு, எடுத்த எடத்துலயே வைங்க. அடுத்த ஆளு வந்து தேடணும்ல?"