படத்தில் இருப்பவள்

ஓவியக் கல்லூரியின் ஆவண அறையில் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருக்கிறார்கள். ஆனாலும் உப்புக் காற்று எப்படியோ நுழைந்து மேசையெல்லாம் பிசுபிசுக்கிறது. முப்பது வருஷத்துக்கு முந்திய கரிக்கோட்டு ஓவியம் ஒன்றை ஸ்கேனரில் கவிழ்த்து மூடுகிறாள் சனோபர். ஸ்கேன் முடிந்ததும் படம் தானாகவே கல்லூரி வெப்சைட்டில் ஏறிவிடும். வரைந்த மாணவனின் கையெழுத்து அதில் இருக்கிறது. மாடலாக உட்கார்ந்தவளின் பெயர் இல்லை. அதைக் கேட்டு எழுதத்தான், பழைய வாத்தியார் ஒருவரிடம் விசாரித்து, உப்பளத்திலிருந்து சுலோசனாவை வரவழைத்திருக்கிறாள். கணுக்காலில் உப்புக் காய்ந்திருக்க, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள் சுலோசனா. மூடியின் விளிம்பில் வெள்ளை வெளிச்சம் மெல்ல ஊர்கிறது. திரையில் படம் மேலிருந்து இறங்குகிறது: கொண்டை, கழுத்து, துணியில்லாத தோள், மார்பு. சுலோசனா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள்.

"மழைக்கு அளத்துல வேலை இல்ல. அப்ப வந்து உக்காந்தேன். வூட்ல யாருக்கும் தெரியாது."

"ரொம்ப அழகா இருக்குதுக்கா. உங்க பேரும் போட்டா மரியாதையா இருக்கும்."

"எதுல போடுவீங்க?"

"காலேஜ் வெப்சைட்லக்கா. எல்லாரும் பாக்கலாம்."

"எம் மருமவன் போன்லயுமா?"

ஈரம், பூஞ்சை, கரையான், இவற்றிடமிருந்து படங்களைக் காப்பாற்றுவதைப் பற்றி மட்டும்தான் சனோபர் இத்தனை நாள் யோசித்திருக்கிறாள். சுலோசனா எழுந்து வந்து, வெடித்த உள்ளங்கையைத் திரைமேல் வைத்து அந்த மார்பை மறைக்கிறாள். விரல் இடுக்கில் பச்சையாக ஒரு வரி மின்னுகிறது: படம் ஏற்றப்பட்டுவிட்டது.