கடைசி வரை படிப்பவர்

"அண்ணா, என் பக்கத்தைத் தினமும் ஒருத்தர் கடைசி வரைக்கும் படிக்கிறாரு. யாரா இருக்கும்?"

வந்ததும் வராததுமாகத் தங்கை கேட்டாள். அண்ணன் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

"என்ன கேள்விண்ணா இது? நெட்ல செடிகளைப் பத்தி எழுதுறேனே, அதுதான். லிங்க் அனுப்பினேன்ல?"

"படிக்கிறதே ஒரே ஒருத்தர்தானா?"

"கிண்டல் பண்ணாத. மத்தவங்க வந்த வேகத்துல ஓடிடுறாங்க. இவர் மெதுவா இறங்கி வர்றாரு. ஒவ்வொரு போட்டோகிட்டயும் கொஞ்சம் நிக்கிறாரு. கடைசி வரி வந்தும் உடனே போறதில்ல. எங்கிருந்து வந்தாங்க, எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு அந்த சைட்டே எனக்குக் காட்டுதே."

தட்டிக்கொண்டிருந்த அவன் விரல்கள் நின்றன.

அவன் வேலையே அதுதான். ஓர் இணைய முகவரியைக் கொடுத்தால், அவன் எழுதிய புரோகிராம் ஆபீஸ் சர்வரிலேயே, திரை எதுவும் இல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து, தலை முதல் கால் வரை ஒரே படமாகப் பிடித்துத் தரும். ஆரம்பத்தில் மேல் பாதிதான் விழுந்தது. கீழே வெறும் வெள்ளை. யாராவது இறங்கிப் பார்த்தால்தான் அடுத்த போட்டோவை அனுப்பும் பக்கங்கள் நிறைய. அதனால் ஆளைப் போலவே மெல்ல இறங்கவும், போட்டோ வரும்வரை நிற்கவும் புரோகிராமைப் பழக்கினான். தினமும் சோதித்துப் பார்க்க, போட்டோக்கள் நிறைந்த நீளமான பக்கம் ஒன்று வேண்டியிருந்தது. தங்கை அனுப்பிய லிங்க் அப்போது கைக்கு எட்டியது.

"யாராவது வேலைவெட்டி இல்லாத ஆளா இருக்கும்," என்றான்.

தங்கை சிரித்தாள். "வேலைவெட்டி இல்லாதவரா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஒருத்தருக்காகத்தான் எழுதிட்டே இருக்கேன். இல்லன்னா எப்பவோ இழுத்து மூடியிருப்பேன்."

அவள் மூடிவிட்டால் அவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. சோதனைக்கு வேறு பக்கம் கிடைக்கும். ஆனால், இல்லாத வாசகருக்காக இவள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது அவனுக்குச் சரியாகப் படவில்லை.

"அது ஆளே இல்ல," என்றான். "நான் எழுதின புரோகிராம். டெஸ்ட் பண்றதுக்கு உன் பக்கத்தை எடுத்துக்கிட்டேன். சொல்லியிருக்கணும்."

தங்கை கோபப்படவில்லை.

"அப்ப நீ படிக்கலையா?"

"படத்தைச் சின்னதாக்கி வச்சு, கீழ வெள்ளை விழுதான்னு மட்டும் பார்ப்பேன். அதுக்கு மேல எதுக்கு?"

"ஒரு வரி கூட?"

"இல்ல. ஏன்?"

"வர்றது உன் ஆபீஸ்ல இருந்துன்னு முதல் நாளே தெரிஞ்சுதுண்ணா. நீதான்னு நினைச்சுட்டேன்." அவள் குரல் இறங்கியது. "அண்ணி தவறினப்புறம் அவங்க வளர்த்த செடியை எல்லாம் குப்பையில போடச் சொன்னல்ல? நான் போடல. அண்ணி உன்னைப் பத்தி என்கிட்ட சொன்னதை எல்லாம், ஒவ்வொரு செடிக்குக் கீழயும் உனக்காகத்தான் எழுதிட்டு வர்றேன்."