கரிசல் மண்ணின் பூரிப்பு

பக்கத்து வீட்டின் மேற்குச் சுவர் வெடித்த ‘படீர்’ சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கரிசல் மண்ணில் கட்டிய வீடு. மழையில் மண் உப்பிச் சுவரைத் தூக்கும். வெயிலில் சுருங்கிக் கைவிடும்.

“மேற்குக்காரி போயிட்டா. அடுத்த மழைக்கு நான்தான், அக்கா,” என்று மண்ணிடம் அழுதது கிழக்குச் சுவர்.

“மழையைப் பார்த்தா எனக்குப் பூரிக்குதே! நீ கொஞ்சம் வளைஞ்சு குடேன்,” என்றது மண்.

“வளைஞ்சா என்னைச் சுவர்னு யார் சொல்லுவா?”

கோடையில் மேஸ்திரி அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டினார். பழைய டயர்த் தூளையும் பசை போன்ற பாலிமரையும் மண்ணோடு பிசைந்து நிரப்பினார்.

“யாருடி நீ, கன்னங்கரேல்னு?” என்று சீறியது மண்.

“உங்க நிறந்தான் அக்கா,” என்றது டயர்த் தூள். “நானும் உப்பிக்கிட்டு ஊர் சுத்தினவதான். யார் காத்தடிச்சாலும் வேணாம்னதில்லை. ஒருநாள் நடுரோட்டில் வெடிச்சேன்.”

“வலிச்சுதா?”

“எனக்கென்ன? என்னை நம்பி மேலே உட்கார்ந்திருந்தவங்களுக்குத்தான்.”

மண் கிழக்குச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. மண் வழக்கம்போல மூச்சை இழுத்தது. பசை இறுக்கிப் பிடித்தது.

“இத்தனூண்டு பூரிச்சுக்கறேனே!”

“என்னை அமுக்கிக்குங்க அக்கா. சுவரை விட்டுடுங்க,” என்றது டயர்த் தூள்.

கிழக்குச் சுவர் இன்னும் நிற்கிறது. போன தைக்கு அதற்கு மஞ்சள் சுண்ணாம்பு அடித்தார்கள்.