பள்ளம் குறைந்த கட்டை

எங்கள் ஆலையில் அரைக்கும் அச்சு மை எவ்வளவு நைசு என்று சோதிக்க மேசைமேல் இரண்டு எஃகுக் கட்டைகள் இருந்தன. இரண்டிலும் ஒரு பள்ளம், ஆழமாகத் தொடங்கி மறுமுனையில் ஒன்றுமில்லாமல் போகும். ஆழமான முனையிலிருந்து மையை வழித்தால், பள்ளத்தின் ஆழத்தைவிடத் துகள் பெரிதாக இருக்கும் இடத்தில் புள்ளிகள் தெரியும். பள்ளம் ஆழமான கட்டையில் எங்கள் மை ஏறக்குறைய கடைசிவரை வழவழவென்றிருக்கும்; பள்ளம் குறைந்ததில்தான் குறை தெரியும்.

"அண்ணே, ஆழமானதையே எடுங்க. மை டப்பாவுல அப்பா பேரு இருக்கு," என்று தம்பி தணிகாசலம் காதோரம் சொன்னான்.

"அதனாலதான் மத்தது," என்றேன்.

வருட ஆர்டர் தர வந்திருந்த அச்சக முதலாளி காஜா மைதீன் சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன், பெரியவரே. நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்க வார்த்தை போதும்."

பள்ளம் குறைந்த கட்டையில் மையை வழித்தேன். அது உலர்வதற்குள், தலையைக் கட்டையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் வாங்க வருபவரின் முன்னால் குனிந்ததில்லை.

குனிந்தேன். பள்ளத்தின் பாதியிலேயே மணல் தூவியதுபோல் புள்ளிகள்.

"எப்படியிருக்கு?" என்றார் மைதீன்.

தணிகாசலம் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான். நான் முதலில் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். பிறகு புள்ளிகள் தொடங்கிய இடத்தில் விரலை வைத்து வாயைத் திறந்தேன்.