ஒரு சாண் இடம்

"ஒரு சாண் என்ன, ஒரு விரற்கடைகூடத் தர முடியாது" என்றார் ராக்கெட் பிரிவுத் தலைவர்.

இடம் கேட்டவர் அவருடைய மனைவி. ஆன்டெனா பிரிவுத் தலைவி.

கூட்டத்தில் யாரும் நிமிரவில்லை.

செயற்கைக்கோளில் பொருத்தும் அந்த ஆன்டெனா விரித்தால் மொட்டைமாடி அளவு. ராக்கெட்டின் தலைக்கூடோ ஒரு சின்ன அறை அகலம்தான். குடை மாதிரி மடித்துத்தான் ஏற்ற வேண்டும். மடித்தும் ஒரு சாண் பிதுங்கியது.

"கிளம்புறப்ப ராக்கெட் உதறுற உதறல்ல கூட்டோட உரசும். கம்பி வளைஞ்சா மேல போய் விரியாது. ஏணி போட்டு ஏறி யார் பிரிச்சுவிடறது?" என்றார் தலைவி.

"அப்ப ஆன்டெனாவைச் சின்னதாக்கிடுங்க" என்றார் இயக்குநர்.

"சின்னதாக்கினா நடுக்கடல்ல தத்தளிக்கிற படகோட குரல் கேட்காது சார். கொஞ்சம் டைம் கொடுங்க, வேற மாதிரி மடிச்சுப் பார்க்கறோம்."

வெளியே வந்ததும் உதவிப் பொறியாளர் பொரிந்து தள்ளினாள். இடம் கேட்கச் சொல்லி நச்சரித்தவளே அவள்தான். வாய்க்கு ஏற்ற மாதிரி 'பட்டாசு' என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு சாண் இடம் தர மனசு வரலையே. இவரோட எப்படிக்கா குடும்பம் நடத்தறீங்க?"

"பழகிடுச்சு" என்று சிரித்தார் தலைவி.

அந்தக் கோபத்திலேயே பட்டாசு வேலையில் இறங்கினாள். தடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, அளவு நாடா போலச் சுருளும் தகடுகளைப் பொருத்தினாள். அவற்றின்மேல் விரியும் ஆன்டெனா வலை சிக்கியது, கிழிந்தது. மறுபடி தைத்தாள்.

கடைசியில் மொத்தமும் சுருண்டு, கூட்டுக்குள் உரசாமல் உட்கார்ந்தது. வெளியே எடுத்து அவிழ்த்துவிட்டார்கள். சத்தமில்லாமல் முழுசாக விரிந்தது.

ராக்கெட் தலைவர் ஓடிவந்து கை நீட்டினார். பட்டாசு அதைக் காணாதவள்போல் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

"என்னடி இது?" என்றார் தலைவி.

"நீங்க மன்னிக்கலாம்கா. என்னால முடியாது."

"அவர் தர்றதாத்தான் இருந்தார். சத்தம் தாங்கறதுக்குக் கூட்டுக்குள்ள ஒட்டியிருக்கிற பஞ்சுறையை மெலிசாக்கிடறேன்னு கூட்டத்தன்னிக்குக் காலையில கார்ல சொல்லிட்டே வந்தார். அதுல கை வெச்சா நம்ம செயற்கைக்கோளுக்குத்தான் ஆபத்து. எப்படியும் நீ மடிச்சிடுவேன்னு எனக்குத் தெரியும். நீ நச்சரிச்சதுக்காக நான் கேட்டாலும் தராதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

பட்டாசு, அவர் நகர்ந்துபோன பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவ்வளவு கறாராப் பேசினாரே, பேசின நேரம் முழுக்க மேஜைக்கடியில என் காலைத் தட்டித் தட்டி, 'கொடுத்துடவா, கொடுத்துடவா'ன்னு கேட்டுட்டுதான் இருந்தார்."