அப்பாவின் நெற்றி

“இல்லடி. சத்தியமா இது உங்கப்பாவுக்காகத்தான்.”

“அப்ப எதுக்குச் சிரிக்கிறாங்க?”

சத்தியம் செய்தவள் தாரணி. அப்பாவை இழந்தவளின் அறைத்தோழி. திண்டுக்கல்காரி. மருத்துவக் கல்லூரி வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள்.

இப்போது ஜன்னல் திரையை மட்டும் விலக்கிக் காட்டினாள்.

கீழே, தாவாவ் நகரத்தின் அந்தச் சின்னச் சந்தில், வாசலை அடைத்து நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். சீட்டாட்டம். வறுத்த வேர்க்கடலை. பெரிய பிளாஸ்கில் காபி. மழை விட்ட மாலை.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“பிலிப்பைன்ஸ்ல எழவு வீடு இப்படித்தானாம். போனவரப் பத்திப் பேசணுமாம், சிரிக்கணுமாம். துக்கக்காரங்களத் தனியா விடவே கூடாதாம். தீத்தா சொன்னாங்க.”

தீத்தா என்றால் அத்தை. வீட்டுக்காரம்மா நெனிதாவை அந்தச் சந்தே அப்படித்தான் கூப்பிடும்.

“இது எப்படி எழவு வீடு? அப்பா கரூர்லல்ல செத்தாரு?”

“நீ இங்க இருக்கியே. அதனால இதுவும் எழவு வீடுதானாம்.”

மகள் கீழே எட்டிப் பார்த்தாள்.

முந்தாநாள் காலை செய்தி வந்தது. எந்த விமானமும் அவளை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது. அன்று மாலையே எரித்துவிட்டார்கள். அண்ணன் எல்லாவற்றையும் போனில் காட்டினான். படம் நின்று நின்று வந்தது. கொள்ளி வைத்தபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அழுகை வரவில்லை. சோறு இறங்கவில்லை. மூச்சு நெஞ்சுக்குக் கீழே போகவில்லை. தானே நாடி பிடித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

மறுபடி சிரிப்பு.

தீத்தாவின் கணவர் எர்னிங் எழுந்து நின்றார். கைப்பேசியை நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கழுத்தைப் பின்னால் சாய்த்தார்.

“ஹலோ? சாப்தியா? ஹலோ?”

நாற்காலிகள் குலுங்கின. ஒருவருக்குக் கடலை புரையேறியது.

அதே கழுத்து. அப்பாவேதான்.

அப்பா தினமும் வீடியோவில் அழைப்பார். போனை எப்படிப் பிடிப்பது என்பது கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. திரையில் நெற்றி மட்டும் தெரியும். பட்டையாகத் திருநீறு. மேலே மின்விசிறி. மகள் எடுக்காவிட்டால் தீத்தாவை அழைப்பார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தீத்தாவுக்குத் தமிழ் தெரியாது.

அவர் சாப்டியா என்பார். தீத்தாவும் சாப்தியா என்பார். பிறகு இருவரும் சிரிப்பார்கள். நெடுநேரம். அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டால் இரண்டு பேருமே சொன்னதில்லை.

அவள் செருப்பை மாட்டினாள்.

“எங்கடி?”

“நிறுத்தச் சொல்லப் போறேன்.”

“வேணாம்டி. பாவம், காலையிலேர்ந்து ஓடிக்கிட்டிருக்காங்க.”

படியில் பாதி இறங்கியதும் நின்றாள்.

இங்கிருந்து முகங்கள் தெரிந்தன. தீத்தா சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. உற்றுப் பார்த்தாள். சிரிக்கும்போது உதரவிதானம் என்ன செய்யும் என்று போன தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள்.

எதற்காகச் செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மீதிப் படிகளை இறங்கினாள்.

அவளைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டது.

யாரோ கையில் காபியைக் கொடுத்தார்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது.

அப்போதுதான் மேஜையைப் பார்த்தாள்.

வெள்ளைத் துணி. மெழுகுவத்தி. வெள்ளைப் பூக்கள். நடுவில், தங்க நிறச் சட்டம் போட்ட படம்.

படத்தில் ஒரு நெற்றி.

திருநீறு. விசிறியின் ஒரு இறக்கை. புருவத்தின் மேல் பாதி.

அவ்வளவுதான்.

“போட்டோ கேட்டு உன்னக் கஷ்டப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன், இண்டாய்,” என்றார் தீத்தா ஆங்கிலத்தில். மகளே என்பதுபோல அந்த ஊரில் ஓர் அழைப்பு அது. “என் போன்ல இருந்தது இதுதான். மூஞ்சி எங்கன்னு கடைக்காரன் கேட்டான். இதுதான் மூஞ்சி, பெருசாப் போடுன்னேன்.”

“அந்த வெள்ளைப் பட்டையப் பாத்து, தலையில கட்டுப் போட்டிருக்காருன்னுதான் நாங்க நெனச்சோம்,” என்றார் எர்னிங். “மாசக்கணக்கா ஆறவே இல்லியே, என்ன புண்ணோன்னு இவ ஜெபமெல்லாம் பண்ணுனா.”

“நீ மட்டும்? கோயில்ல போய் மெழுகுவத்தி ஏத்துன ஆளு யாரு?”

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

மூக்கு வழியாக. சின்னது.

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். காபி சிந்திக் கையைச் சுட்டது. மூச்சு எங்கோ அடியில் போய்த் தொட்டுவிட்டு வந்தது. அது என்ன சத்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கொண்டுவந்த வாக்கியத்தைத் தேடினாள். இல்லை.

சீட்டுகள் மேஜையில் கவிழ்ந்தன. சந்தே அவளைப் பார்த்தது. தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

தீத்தா எழுந்து கிட்டே வந்தார். வாயைப் பொத்தியிருந்த கையைத் தொட்டார். இழுக்கவில்லை.

“அவரு சிரிக்கிறத நாங்க கேட்டிருக்கோம். பாத்ததே இல்ல.”

கூட்டத்தில் யாரோ ஆமாம் என்றார்கள்.

“நீ பாத்திருப்பியே. ஒரே ஒரு தடவ, அவர மாதிரி சிரிச்சுக் காட்டு, இண்டாய்.”