காற்று நின்றால்

அங்கலேஷ்வர் ரசாயன ஆலையில், ரியாக்டருக்குக் குளிர்நீர் விடும் வால்வின் தலையில் அதைக் காற்றழுத்தத்தால் இயக்கும் புது ஆக்சுவேட்டரைக் காலையில்தான் மாட்டியிருந்தார் ஃபிட்டர் ஹஸ்முக்பாய்.

"காத்து உள்ளே வந்தா வால்வு மூடும். காத்து நின்னா ஸ்பிரிங் தானா திறந்து தண்ணி விடும். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க, பால்குனிபென்!"

"காத்தை நிறுத்திப் பார்த்தீங்களா?" என்றாள் பாதுகாப்பு அதிகாரி பால்குனி. "திறக்கலைன்னா ரியாக்டர் வெடிச்சிடும்."

"இருபது வருஷமா மாட்டுறேன். எனக்கே பரீட்சையா?"

"கோவிச்சுக்காதீங்க பாய். டீ குடிங்க."

டீயோடு கடலைமாவு ஃபாஃப்டாவும் வறுத்த மிளகாயும் வந்தன. மகளின் கர்பா ஆட்டத்தைப் பற்றி அவர் அளந்துகொண்டிருக்கையில், டீயை உறிஞ்சியபடியே பால்குனி சொன்னாள்:

"நாம உட்காரும்போதே காத்தை நிறுத்திட்டேன்."

டீ கவிழ்ந்தது. தான் மாட்டிய வால்வைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விழுந்தடித்து ஓடிய ஹஸ்முக்பாய், அந்த வால்வு இல்லாமலே ரியாக்டருக்குத் தண்ணீர் விடும் பக்கத்து பைபாஸ் குழாயின் சக்கரத்தைத் திருகித் திறந்தார். தண்ணீர் பாயும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே வந்தது. காற்றுக்குழாயின் அழுத்தமானியைப் பார்த்தார். முள் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது.

"நிறுத்தவே இல்லையா?"

"இல்ல பாய். பைபாஸைத் திறந்துட்டீங்கல்ல? வாங்க, இப்ப நிறுத்திப் பார்க்கலாம்."